நகலார் விடைபெற்ற நாள்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையிலும் மின்கட்டண ரசீதிலும் மட்டும் புழங்கியது. தெருவுக்கு அவர் நகலார்.

அவர் எழுதும் புகார்க் கடிதங்களின் வால்பகுதியிலிருந்து பிறந்த பெயர் அது. மேலே புகார் இரண்டு பத்திக்கு மிஞ்சாது. கீழே ‘நகல்’ என்று போட்டு ஒரு படை அணிவகுத்து நிற்கும். பகுதி மேற்பார்வையாளரில் தொடங்கி உதவிப் பொறியாளர், பொறியாளர், தலைமைப் பொறியாளர் என்று படிப்படியாக ஏறி அமைச்சர் அலுவலகத்தில் போய்த்தான் மூச்சு வாங்கும். தெருவிளக்கு எரியாவிட்டாலும் அமைச்சருக்கு ஒரு நகல். பால் பாக்கெட் ஒழுகினாலும் ஒரு நகல். முதலில் நகலர் என்றுதான் சொன்னார்கள். வயதுக்கு மரியாதை கொடுத்து, பிறகு லகரத்தில் ஒரு துணைக்காலை நீட்டி நகலார் ஆக்கினார்கள். நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வேலையில் இருந்தபோது அவர் உட்கார்ந்திருந்தது குடிநீர் வாரியத்தின் குறைகேட்புப் பிரிவில். அதாவது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வருபவர்களை அடுத்த ஜன்னலுக்கு அனுப்பிவைக்கும் இடத்தில். அத்தனை வருஷமும் புகாரோடு வந்தவர்களை அலையவிட்டே பழகிய கை, ஓய்வு பெற்ற மறுவாரமே தானாகப் புகார் எழுத ஆரம்பித்துவிட்டது. எந்தக் காகிதம் குப்பைக்குப் போகும், எது மேஜையில் நிற்கும் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? மேலே ஒருவன் பார்க்கிறான் என்றால்தான் கீழே இருப்பவன் அசைவான். அவர் படித்த அரசியல், சமூகவியல் எல்லாம் இந்த ஒரு வரிதான்.

அவருடைய மிகப் பெரிய வெற்றி பேருந்து நிறுத்தம். வீட்டு வாசலை ஒட்டி இருந்த நிறுத்தத்தால் தூக்கம் கெடுகிறது என்று எழுதி, எழுதி, கடைசியில் போக்குவரத்துத் துறை கையெடுத்துக் கும்பிட்டு அதை இடம் மாற்றியது. மாற்றிய இடம் நான்கு வீடு தள்ளி, அவருடைய சொந்தத் தம்பியின் வாசல். தம்பி அஞ்சல் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அமைதியான மனிதர். நிறுத்தம் வந்த அன்றே அண்ணனோடு பேச்சை நிறுத்தினார். குடும்பத்தின் வாட்ஸப் குழுவிலிருந்தும் வெளியேறினார். அண்ணன் வேண்டுமென்றே செய்தார் என்பது அவருடைய கட்சி. வண்டியை எங்கே நிறுத்துவது என்று தான் எழுதவே இல்லை, எங்கே நிறுத்தக் கூடாது என்றுதான் எழுதினேன் என்பது நகலாரின் கட்சி. இப்படி இரண்டு வருஷம் ஓடியது.

அதற்குள் தெருவில் குறை சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது. விளக்கு எரிந்தது, சாக்கடை மூடியிருந்தது. நகலார் கூண்டுக்குள் போட்டதுபோல் முன்னறைக்கும் சமையலறைக்கும் நடந்தார். மனைவி முன்னறையில் தையல் மெஷின் போட்டு, துணிகளைப் பிடித்துத் தருவது, நீளம் குறைத்துத் தருவது என்று வேலை செய்துகொண்டிருந்தார். வந்துபோகும் வாடிக்கையாளர்களிடம் நகலார், ரசீது ஏன் கேட்டு வாங்குவதில்லை என்று விசாரிக்கத் தொடங்கியதும், அந்த அம்மாள் வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டார். லீவில் வந்த மகள் அப்பாவின் கம்ப்யூட்டரில் ‘கொப்பு’ என்ற மென்பொருளை இறக்கிக் கொடுத்தாள். குடும்பத்தின் வம்சாவளியை மரமாக வரைந்து தரும் மென்பொருள். இலவசம். திறந்த மூல வகை. அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், தெரிந்தவர்கள் திருத்தியும் கொடுக்கலாம். அதைச் செய்கிறவர்கள் எல்லாம் தாமாக முன்வந்து நேரம் கிடைக்கும்போது செய்கிறவர்கள். மகள் இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னாள். நகலார் காதில் விழுந்தது இலவசம் என்பது மட்டும்.

ஆள் அதில் விழுந்துவிட்டார். பாட்டனார் பெயர், அவருடைய தம்பிகள், அத்தை வழி, சித்தப்பா வழி என்று தோண்டித் தோண்டி உள்ளிட்டார். கொப்புவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். அதில் பிறந்த நாள், மணமான நாள், தொழில் என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘விடைபெற்ற நாள்’.

அந்தச் சொல்லைப் பார்த்ததும் நகலாருக்கு நெஞ்சு குளிர்ந்தது. பணியிலிருந்து விடைபெறும் நாளுக்குத் தனியாக ஒரு கட்டம் கொடுத்திருக்கிறானே, இவனல்லவா மனிதன் என்று நினைத்தார். அவருக்கு விடைபெறுவது என்றால் அலுவலகக் கூட்டம், சுவர்க்கடிகாரம், பக்கத்து நாற்காலிக்காரன் கண்ணீரோடு வாசித்த பாராட்டுரை. சொந்தத்தில் யார் யார் எந்த அலுவலகத்திலிருந்து எந்தத் தேதியில் ஓய்வு பெற்றார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். ஒன்றுவிடாமல் போட்டார். தனக்கும் போட்டார். பேசாத தம்பிக்கும் போட்டார், கடமையில் குறை வைக்கக் கூடாது என்று.

தேதியைப் போட்டவுடன் பெயரைச் சுற்றி ஒரு கறுப்புக் கட்டம் விழுந்தது. பணிக்காலத்தை ஒழுங்காக முடித்தவர்களுக்குக் கொப்பு தரும் மரியாதை என்று நகலார் எடுத்துக்கொண்டார். தன் பெயர் கறுப்புக் கட்டத்துக்குள் கம்பீரமாக நிற்பதை மனைவியைக் கூப்பிட்டுக் காட்டக்கூட நினைத்தார். அந்த அம்மாள் அப்போது ஒரு ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மரம் முடிந்ததும் குடும்பக் குழுவில் போட்டார். சொந்தக்காரர்கள் வழக்கம்போல் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு, ஃபைலைத் திறக்காமல் விட்டார்கள். பெரியம்மா மகள் ஒருத்தி மட்டும் திறந்தாள். அவளுக்கு முதலில் கண்ணில் பட்ட பக்கம் தம்பியுடையது. கறுப்புக் கட்டம், பெயர், பிறந்த நாள், விடைபெற்ற நாள். தம்பியைக் குழுவில் பார்த்தே வெகுநாளாகிறது. தேதியில் வருஷத்தைக் கவனிக்காத அவளுக்கு வேறென்ன சந்தேகம் வரும்? உடனே தம்பி வீட்டுக்குப் போன் போட்டு, எடுத்த தம்பி மனைவியிடம் தேம்பித் தேம்பி அழுதாள். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே, கடைசி நேரத்தில் கஷ்டப்பட்டாரா, ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டாள். இப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவுகிறார், கொடுக்கவா என்றார் தம்பி மனைவி.

அன்று சாயங்காலம் நகலாரின் போன் அடித்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு தம்பியின் குரல்.

“அண்ணா, பஸ் ஸ்டாப்பைக் கொண்டுவந்து என் வாசல்ல வெச்சீங்க. சரி போகட்டும்னு விட்டேன். இப்ப என்னை வண்டியில ஏத்தியே அனுப்பிட்டீங்களா?”

நகலார் ஒன்றும் புரியாமல், அது மரியாதைக் கட்டம், பணியில் இருந்தவர்களுக்குப் போடுவது என்று விளக்கினார். எந்த ஊரில் மரியாதைக்குக் கறுப்புக் கட்டம் போடுகிறார்கள் என்று தம்பி கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் போனையும் வைத்துவிட்டார்.

நகலார் போனைக் கீழே வைத்தார். மெதுவாகக் கம்ப்யூட்டரைத் திறந்து தன் பக்கத்துக்குப் போனார். கட்டம் கறுகறுவென்று அப்படியே இருந்தது. தம்பிக்காவது அழ ஒருத்தி இருந்தாள், தனக்காக ஒரு போன்கூட வரவில்லையே என்ற எண்ணம் முதலில் வந்தது. தம்பி செத்தால் அழுகை, தான் செத்தால் கைகூப்பும் படமா? இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கூடவே வந்த இரண்டாவது எண்ணத்தைத்தான் வெளியே விட்டார்: தவறு மென்பொருளுடையது. அதை அவர்கள் எழுத்துமூலம் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்த் தம்பி முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும்.

கொப்புவுக்கு ஒரு மன்றம் இருந்தது. பயன்படுத்துகிறவர்கள் இணையத்தில் கேள்வி கேட்கும் இடம். உள்ளே நுழைந்ததும் ‘கேட்பதற்கு முன்’ என்று ஒரு பக்கம் வரும். என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள். எந்தப் பதிப்பு என்று சொல்லுங்கள். இதே கேள்வியை வேறு யாராவது கேட்டிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். எங்களுக்கும் வேறு வேலை உண்டு, பொறுமையாக இருங்கள். இவ்வளவுதான். நகலார் இதைச் சலூன் சுவரில் ஒட்டியிருக்கும் விலைப்பட்டியலைத் தாண்டுவதுபோல் தாண்டினார். ‘பாதிக்கப்பட்டவன்’ என்ற பெயரில் பதிந்துகொண்டு, தலைப்பு போட்டார்: மிக மிக அவசரம், உயிர் சம்பந்தப்பட்டது.

“பெருமதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நிறுவனத்தின் மென்பொருளால், நல்ல உடல்நலத்துடன் வாழ்ந்துவரும் என் உயிருக்குயிரான தம்பி இறந்தவராக அறிவிக்கப்பட்டுள்ளார். இதனால் எங்கள் குடும்பம் அடைந்த மன உளைச்சல் சொல்லி மாளாது. உடனடியாக விசாரணை நடத்தி, தவறிழைத்த ஊழியர் மீது நடவடிக்கை எடுத்து, எழுத்துமூலம் வருத்தம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறும் பட்சத்தில் உரிய இடத்தில் முறையிட நேரிடும்.”

கடிதத்தில் எல்லாம் இருந்தது, என்ன நடந்தது என்பதைத் தவிர. ஆதாரமாகக் கம்ப்யூட்டர் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து இணைத்தார். அதில் ஜன்னல் திரையின் பூக்களும் அவருடைய கட்டை விரலும் தெளிவாக விழுந்திருந்தன.

பதில் அடுத்த நாள் வந்தது. எழுதியவரின் பெயர் ‘துருப்பிடித்த ஆணி’. “தம்பி நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. எந்தப் பதிப்பு?”

நகலாருக்கு ரத்தம் கொதித்தது. தம்பி செத்துக் கிடக்கிறான், இவன் பதிப்பு கேட்கிறான். நான் என்ன புத்தகமா வாங்கினேன் என்று மனைவியிடம் கத்திவிட்டு, எழுதினார்: “என் தம்பிக்கு ஒரே பதிப்புதான்.” ஆணி அதற்குச் சிரிக்கும் படம் ஒன்றைப் போட்டது. வேறு பதில் வரவில்லை.

நகலார் தனக்குத் தெரிந்த வழிக்கு வந்தார். அதே கடிதத்தை மன்றத்தின் எல்லாப் பிரிவுகளிலும் ஒட்டினார். ‘நிறுவுவதில் சிக்கல்’ பிரிவில் ஒன்று, ‘புதிய யோசனைகள்’ பிரிவில் ஒன்று, ‘நன்றி சொல்ல’ என்ற பிரிவில்கூட ஒன்று. கீழே ஒரு கேள்வி சேர்த்தார்: தங்கள் மேலதிகாரி யார்? ஆணியிடமிருந்து பதில் வந்தது: “எனக்கு மேலே மின்விசிறிதான் இருக்கிறது. நீங்கள் கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தந்துவிடச் சொல்லியிருக்கிறேன். அது எங்கே இருக்கிறதென்று எல்லோரும் சேர்ந்து தேடிக்கொண்டிருக்கிறோம்.”

மேலே யாருமே இல்லாத ஓர் அலுவலகத்தை நகலார் வாழ்நாளில் கண்டதில்லை. நம்பவும் முடியவில்லை. ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் பட்டது. மென்பொருளை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் மூலப் பக்கத்தில் இதுவரை அதில் கைவைத்தவர்கள் எல்லோருடைய மின்னஞ்சலும் கிடைத்தது. விடுவாரா? ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் நகல் அனுப்பினார். அதில் பாதிப் பேர் கொப்புவை மறந்தே போனவர்கள். எப்போதோ ஒரே ஒரு கமாவைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போன கல்லூரி மாணவி ஒருத்திக்கும் ஒன்று போனது. அவள் பயந்துபோய், அந்தக் கமாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டுமா என்று மன்றத்தில் வந்து கேட்டாள்.

அதோடு நகலாரின் வாயைக் கட்டினார்கள். ஒரு வாரத்துக்குப் படிக்கலாம், எழுத முடியாது. அறிவிப்பின் கீழே ‘பூனைவால்’ என்று கையெழுத்து இருந்தது.

எழுத முடியாத நகலார் எப்படியிருப்பார் என்று யாரும் அதுவரை பார்த்ததில்லை. முதல் நாள் முழுக்கப் புலம்பினார். என்னை எழுதவிடாமல் தடுப்பவர் ஒரு பூனைவால் என்று வெளியே எப்படிச் சொல்வேன் என்றார். மனைவி மெஷினை நிறுத்திவிட்டு, அவர்கள் கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா என்றார். கேட்டால் சொல்லிவிட வேண்டுமா என்று அவர் சீறினார்.

“உங்க ஆபீஸ்ல இணைப்பு எண் எழுதாம வந்தா, அந்தப் பேப்பரை நீங்க கையாலகூடத் தொடமாட்டீங்களே. பெருமையா வந்து சொல்வீங்களே.”

“அது ஆபீஸ்.”

“இது சும்மா செய்யறவங்க. சும்மா செய்யறவங்களை மட்டும் விரட்டலாமா?”

நகலார் மன்றத்தைப் படிக்கப் போய்விட்டார். வேறு போக்கிடம் இல்லை. படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. யாரோ ஒருவர், இந்தப் பதிப்பு, இந்தப் பொத்தானை அழுத்தினேன், இந்தப் படம் வர வேண்டியது வரவில்லை என்று நாலே வரி எழுதியிருந்தார். மரியாதையான தொடக்கமில்லை, மன உளைச்சல் இல்லை, மேல்நடவடிக்கை இல்லை. அவருக்குச் சாயங்காலத்துக்குள் பதில் கிடைத்திருந்தது. அதுவும் அதே ஆணி, குழைந்து குழைந்து, படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தது. இன்னொருவர் நகலாரைப்போலவே ‘அவசரம்’ என்று கத்தியிருந்தார். அவருடைய கத்தல் போன வருஷத்திலிருந்து அப்படியே கிடந்தது. அனாதையாக.

வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பூனைவாலிடமிருந்து ஒரு தகவல் வந்தது. “இப்போது நீங்கள் எழுதலாம். ஓரிடத்தில் மட்டும். யார் யார் பெயரில் கறுப்புக் கட்டம் விழுந்தது? அதற்கு முன் அந்தப் பக்கத்தில் என்ன செய்தீர்கள்? அடைமொழி வேண்டாம். நான் பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். ஞாயிறுகளில்தான் இதைப் பார்க்க முடியும், அதனால் அவசரம் என்று எழுதினாலும் ஞாயிற்றுக்கிழமைதான்.”

நகலார் “மரியாதைக்குரிய பூனைவால் ஐயா அவர்களுக்கு” என்று தொடங்கினார். உடனே பதில் வந்தது: “ஐயா இல்லை. அம்மா என்றும் வேண்டாம். பூனைவால் போதும்.”

அடைமொழி இல்லாமல் எழுத உட்கார்ந்தபோதுதான் கஷ்டம் தெரிந்தது. உயிருக்குயிரான என்பதை எடுத்தார். நல்ல உடல்நலத்துடன் வாழ்ந்துவரும் என்பதை எடுத்தார். மன உளைச்சலை எடுத்தார். ‘தம்பி’ என்ற ஒரு சொல்தான் மிஞ்சியது. தம்பிக்கு என்ன செய்தேன்? தெரியவில்லை. எத்தனையோ கட்டங்களை நிரப்பினோம், எதில் என்ன ஆனது என்று யார் கண்டது? சரி, யார் யாருக்குக் கட்டம் விழுந்தது என்றாவது பார்ப்போம் என்று மரத்தை முதலிலிருந்து திறந்தார். மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார், கண் சரியாகத் தெரியவில்லை என்று சாக்குச் சொல்லி.

பாட்டனார் கறுப்புக் கட்டத்துக்குள் இல்லை. அவர் போய்ச் சேர்ந்து ஒரு தலைமுறை ஆகிறது. ஆனால் அவர் நெசவு முதலாளி, எங்கிருந்தும் ஓய்வு பெறவில்லை. மாமா கட்டத்துக்குள் இருந்தார். தினமும் காலையில் ஓடுகிற மாமா. விருப்ப ஓய்வு வாங்கிய சித்தப்பா மகன், முப்பத்தொன்பது வயதிலேயே கட்டத்துக்குள் போயிருந்தான். கீழே போகப் போக ஆண்களாக விழுந்துகொண்டே இருந்தார்கள். பெண்களில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த அத்தை ஒருத்திதான் கட்டத்துக்குள். மற்ற பெண்கள் எல்லோரும், கொள்ளுப்பாட்டி உட்பட, உயிரோடு இருந்தார்கள்.

மனைவி தன் பக்கத்தைக் காட்டச் சொன்னார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

“நான் மட்டும் ஏன் உயிரோட இருக்கேன்?”

“நீ ரிட்டயர் ஆகலையே,” என்றார் நகலார். சொன்ன வாய் அப்படியே நின்றது.

“அதுதான் எனக்குத் தெரியுமே,” என்று மனைவி எழுந்து மெஷினுக்குப் போனார். போகிற வழியில் திரையில் நகலாரின் பக்கம் விரிந்து கிடப்பதைப் பார்த்தார். கறுப்புக் கட்டத்தை ஒரு தடவை பார்த்தார், அவரை ஒரு தடவை பார்த்தார். நகலார் மென்று விழுங்கிக்கொண்டே, தனக்காக யாரும் ஒரு போன்கூடப் போடவில்லை என்பதைச் சொன்னார்.

“போட்டா நீங்கதானே எடுப்பீங்க,” என்றார் மனைவி. “எடுத்து, என் நம்பரை யார் கொடுத்ததுன்னு கேப்பீங்க.”

அன்று நகலார் மன்றத்தில் எழுதியதுதான் அவர் வாழ்க்கையிலேயே எழுதிய மிகச் சிறிய கடிதம். விடைபெற்ற நாள் என்ற கட்டத்தில் ஓய்வு பெற்ற தேதியைப் போட்டேன். போட்டவர்களுக்கெல்லாம் கறுப்புக் கட்டம் விழுகிறது. போடாதவர்களுக்கு விழவில்லை. கீழே நகல் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூனைவால் பதில் எழுதினாள். இவ்வளவு தெளிவாக முதலிலேயே எழுதியிருந்தால் முதல் ஞாயிறே முடிந்திருக்கும் என்று ஆரம்பித்தாள். அந்தக் கட்டம் இறந்த தேதிக்கானது. தமிழில் பெயர்த்தவர் ‘விடைபெற்ற நாள்’ என்று போட்டுவிட்டார். படிப்பவர் அலுவலகத்தை நினைத்துக்கொண்டால் அது அவர் குற்றமில்லை, சொல்லின் குற்றம். இதைத் திருத்த வேண்டும், சுட்டிக் காட்டியதற்கு நன்றி. சரியான சொல் ஒன்றை நீங்களே சொல்லுங்கள்.

நகலார் இதைப் பல தடவை படித்தார். எழுத்துமூலம் கிடைத்துவிட்டது. ஆனால் கடைசி வரி உறுத்தியது. புகார் கொடுக்க வந்தவனிடமே வேலையைக் கொடுக்கும் அலுவலகத்தை எங்கே போய்ச் சொல்வது? இருந்தாலும் தவறு செய்த ஊழியரை விடக் கூடாது என்று, இப்படிப் பெயர்த்தவர் யார் என்று கேட்டார்.

ஆணி வந்தது. “நான்தான்.” கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு வரி வந்தது. “கொப்பு தமிழுக்கு வந்தபோது முதலில் என் அப்பா பெயரைத்தான் உள்ளிட்டேன். அவர் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ‘இறந்த’ என்று தட்டச்சு செய்யக் கை வரவில்லை.”

நகலார் பதில் எழுத விரலைத் தூக்கினார். வழக்கமாக அந்த இடத்தில் வரும் வாக்கியங்கள் எல்லாம் தயாராகவே இருந்தன. ஒன்றும் எழுதாமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பிறகு ‘சரி’ என்று மட்டும் போட்டார். அதுவும் அவருக்குப் புதிதுதான்.

மறுநாள் மன்றத்தின் அந்தப் பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு நடந்தார். வாசலில் ஒரு பேருந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து கேட்டைத் தட்டினார். தம்பி வெளியே வந்தார், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. காகிதங்களை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார். நகலார் காட்ட நினைத்தது பூனைவாலின் பதிலை மட்டும். அவசரத்தில் முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் அச்செடுத்திருந்தார். தம்பி முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

“உயிருக்குயிரான தம்பின்னு போட்டிருக்கே. யாரு இது?”

“அது புகாருக்காகப் போட்டது.”

“அதானே பார்த்தேன்,” என்றார் தம்பி. ஆனால் காகிதத்தைத் திருப்பித் தரவில்லை. கமா மாணவி வந்த பக்கத்தில் அவருடைய தோள் குலுங்கியது. அடக்கிக்கொண்டார். படித்து முடித்ததும், அப்படியானால் என்ன சொல் போடப் போகிறீர்கள் என்று கேட்டார். நகலார் ‘இறந்த தேதி’ என்றார். அரசாங்கக் காகிதத்தில் அப்படித்தான் இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

“உயிரோட இருக்கறவன்கிட்ட வந்து கேக்கற கேள்வியா இது? கொஞ்சம் மரியாதையா ‘மறைந்த நாள்’னு போடக்கூடாதா?”

“மறைஞ்சதுன்னா காணாம போனவனையெல்லாம் அதுல சேர்த்துடுவானுங்க.”

தம்பி கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். பேச்சு முடிந்தது என்று நினைத்து நகலார் வீடு திரும்பினார். சாயங்காலம் மன்றத்தைத் திறந்தபோது, அவருடைய ‘இறந்த தேதி’ யோசனைக்குக் கீழே கடுமையான மறுப்பு ஒன்று வந்திருந்தது. எழுதியவர் புதிதாகச் சேர்ந்தவர். பெயர் ‘உயிரோடிருப்பவன்’.

அதற்குப் பிறகு நடந்தது கொப்பு மன்றம் அதுவரை கண்டிராதது. பாதிக்கப்பட்டவன் ஒன்று சொன்னால் உயிரோடிருப்பவன் அதை வெட்டினார். முன்னவர் குடிநீர் வாரியச் சுற்றறிக்கைகளை மேற்கோள் காட்டினார், பின்னவர் அஞ்சல் துறைப் படிவங்களைக் காட்டினார். இடையில் வேறு ஊர்க்காரர்கள் புகுந்து, காலமான என்று போடுங்கள், இயற்கை எய்திய என்று போடுங்கள் என்று ஆளுக்கொரு மூட்டையை அவிழ்த்தார்கள். கமா மாணவிகூடத் தைரியம் வந்து ஒரு கருத்துச் சொன்னாள். ஆணி ஒவ்வொருவரையும் ஒரு வரியில் குத்தியது. நகலார் மட்டும் தன் யோசனைக்குக் கீழே ‘நகல்’ என்று பொதுப்பணித் துறையின் பெயரைப் போடப்போய், அதை அழிக்கச் சொல்லிப் பூனைவாலிடம் திட்டு வாங்கினார்.

பல ஞாயிறுகள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பூனைவால் தீர்ப்புச் சொன்னாள். ‘இறந்த’ என்பதைப் பாதிக்கப்பட்டவனிடமிருந்தும், ‘நாள்’ என்பதை உயிரோடிருப்பவனிடமிருந்தும் எடுத்து, ‘இறந்த நாள்’ என்று வைத்தாள். தேதியா நாளா என்று இன்னொரு விவாதம் தொடங்குகிறவர் ஒரு மாதம் எழுத முடியாது என்றும் சேர்த்துக்கொண்டாள். அடுத்த பதிப்பு வந்தபோது, உதவியவர்களுக்கு நன்றி என்ற பக்கத்தில் இரண்டு பெயர்களும் அடுத்தடுத்து நின்றன.

தான் ஜெயித்ததாக நகலார் சொன்னார். பெயர்ச்சொல் யாருடையதோ அவர்தான் ஜெயித்தவர் என்று தம்பி சொன்னார். இதைத் தீர்த்துக்கொள்ளத் தம்பி ஒருநாள் நேரில் வந்தார். தீரவில்லை. மறுநாளும் வந்தார். இப்போது சாயங்காலமானால் இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மரத்தில் ஒவ்வொருவராக உயிர்ப்பிக்கிறார்கள். யாரை எந்தப் பதவிப் பெயரில் போடுவது என்று தெருமுனை வரை கேட்கிற மாதிரி கத்திக்கொள்கிறார்கள். தையல் மெஷினின் சத்தம் அதில் அமுங்கிப்போகிறது.

தம்பியைத் தேடிக்கொண்டு வந்த தம்பி மனைவி, வாசலிலேயே நின்று கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

“பேசாம இருந்தப்பதான் அக்கா நமக்கு நிம்மதியா இருந்துச்சு,” என்றார், கிழிந்த தலையணை உறையை நகலாரின் மனைவியிடம் தைக்கக் கொடுத்தபடி.